சிவப்புப் பட்டனும் என் அவசர விரலும்

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாட்களே பாக்கி. நாகர்கோவிலில் மழை, பெய்வதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தது. என்னுடைய விவரங்கெட்டத்தனத்துக்காகவே என்னை மரியாதையாக அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

அழைத்தது என் மனைவியின் தங்கை. பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். வடசேரிப் பக்கம் ஒரு தையல் மெஷின் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. அதில் சோதனைப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. பிரிவு என்றால் அவளும் இன்னொரு பெண்ணும். மற்றவர்கள் எழுதிய நிரலை எப்படியாவது தோற்கடிப்பது அவர்கள் இருவருக்கும் வேலை. இதற்குச் சம்பளமும் உண்டு என்று கேட்டபோது, எங்கள் குடும்பத்தில் பலர் இத்தனை காலம் இதை இலவசமாகச் செய்துவருவது எனக்கு ஞாபகம் வந்தது.

முந்தின நாள் போனில், "அத்தான், நாளைக்கு ஒரு மணிக்கூர் எங்க ஆபீசுக்கு வருவியளா? எங்க பெட்டிய நீங்க ஒருக்கா தொட்டுப் பாக்கணும்" என்றாள்.

கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருக்கிற என்னை எதற்கு என்று கேட்டேன். பதில் சமையலறையிலிருந்து வந்தது. "நீங்க தொட்டா எதுவும் ஒழுங்கா இருக்காதுல்லா, அதுக்குத்தான் கூப்பிடுகா" என்றாள் என் மனைவி. அக்கா தங்கை இருவரும் இதைப் பற்றி முன்னாலேயே பேசி முடித்திருந்தார்கள் என்று தெரிந்தது.

மறுக்க வழியில்லை. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் என்னைக் கண்டால் நின்றுவிடும். டி.வி. ரிமோட்டை நான் எடுத்தால் படம் போய்க் கோடு வரும். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பட்டனை ஒரு முறை அமுக்கிவிட்டு நிற்கிற ஆள் இல்லை நான். அது வந்து சேரும்வரை அமுக்கிக்கொண்டே இருப்பேன். வந்தது நான் அமுக்கியதால்தான் என்று நம்பவும் செய்வேன். பொறுமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன்.

மாடியேறிப் போனேன். ஒரே பெரிய அறை. வாசல் கதவில், கடைகளில் 'திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது' என்று தொங்குமே, அந்த மாதிரி ஒரு பலகை. ஒரு பக்கம் 'போகலாம்', மறு பக்கம் 'நில்லு'. அன்று 'போகலாம்' என்ற பக்கம் தெரிந்தது. வீட்டுக்குப் போகச் சொல்கிறார்களாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். இல்லையாம். அவர்கள் செய்கிற பொருள் வெளியே போகலாமா கூடாதா என்பதற்கு அந்தப் பலகை. அதைத் திருப்புகிற உரிமை என் கொழுந்தியாள் ஒருத்திக்குத்தான். முதலாளிக்கும் கிடையாது. "நல்லா இருக்கே, முதலாளி சம்மதிச்சாரா?" என்று கேட்டேன். "அந்தச் சட்டத்தப் போட்டதே அவருதான் அத்தான். அவரு கைய அவரே நம்பக்கூடாதாம்" என்றாள்.

பொருள் என்னவென்றால், ஒரு பெட்டி. விசைப்படகில் சுக்கான் பிடிக்கிற அறைக்குள் பொருத்துவது. கரையிலிருந்து கைப்பேசி எட்டாத தூரத்தில் படகுக்கு ஆபத்து என்றால், மூடியைத் திறந்து சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். படகு எங்கே நிற்கிறது என்ற செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கரையில் ஆள் இருக்கிற அறைக்குப் போய்விடும். அடுத்த சில நாட்களில் துறைமுகத்தில் மேடை போட்டுப் பெட்டிகளைக் கொடுக்க ஏற்பாடு. பேனர் அடித்தாயிற்று. நாடா வெட்ட சென்னையிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். பிரியாணிக்கும் சொல்லியாயிற்று.

என்னை ஒரு மூலையில், பலகையடைத்த சின்னக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். டீசல் எஞ்சின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். என் கையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி நனைத்தார்கள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. "படகுக்குள்ள தண்ணி ஏறுது அத்தான். ஆளக் கூப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மூடியைத் திறந்தேன். பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் ஏதோ ஒரு பொட்டு வெளிச்சம் பச்சையாகச் சிமிட்டியதாம். என் கண்ணில் படவில்லை. மறுபடி அமுக்கினேன். பிறகு என் வழக்கப்படி அமுக்கிக்கொண்டே இருந்தேன். கட்டை விரலால் அமுக்கினேன், உள்ளங்கையால் தட்டினேன், கடைசியில் முஷ்டியால் குத்தினேன். எஞ்சின் சத்தமும் ஈரக் கையும் சேர்ந்து, தையல் கடை மாடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. எங்கள் ஊரில் வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. நெஞ்சு படபடத்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கை காலை ஆட்டுகிற நிலை. அது வந்துவிட்டது. கர்த்தரை உரக்கவே கூப்பிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அவருக்காவது கேட்டதா தெரியாது, கரைக்குக் கேட்கவில்லை. கரை என்று பாவித்து வைத்திருந்த எதிர்த் திரை கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

எஞ்சின் சத்தத்தை நிறுத்தினார்கள்.

"ஒடச்சிட்டேனா?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் பாவமாக இருந்தது.

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அது பழக்கம். யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தியாள் முகம் கோயிலில் ஜெபத்துக்கு நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. "ஒடைக்கல்ல. இப்ப செஞ்சத அப்படியே இன்னொருக்கா செய்யிங்க" என்றாள். செய்தேன். மறுபடியும் போகவில்லை. "இனி ஒரே ஒருக்கா அமுக்கிட்டு, கைய மடியில வச்சிட்டு இருங்க" என்றாள். இருந்தேன். எனக்கு அது பெரிய தண்டனை. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திரையில் படகின் படம் வந்து, மணி அடித்தது. சரியாகப் போய்விட்டது.

அவள் எழுந்து போய் வாசல் பலகையைத் திருப்பினாள். 'நில்லு'.

நடந்தது இதுதான் என்று எனக்கு விளங்கும்படி சொன்னார்கள். செய்தி போய்ச் சேர ஒரு நிமிஷத்துக்குப் பக்கமாகும். அதற்குள் மறுபடி அமுக்கினால், பெட்டி பழைய செய்தியை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி அமுக்கினால் மறுபடி ஆரம்பம். அதாவது, எவன் உயிருக்குப் பயந்து அமுக்கிக்கொண்டே இருக்கிறானோ அவன் செய்தி மட்டும் போகவே போகாது. நிதானமாக இருக்கிறவன் செய்தி போகும். ஆனால் நிதானமாக இருக்கிறவன் எதற்காகச் சிவப்புப் பட்டனை அமுக்கப்போகிறான்?

தாடி வைத்த நிரலாளர் ஒருவர் எழுந்து, "அந்தப் பகுதி நான் எழுதினது" என்றார். முன்பு ஒருமுறை செய்தி பாதியில் சிக்கி நின்றதாம். மறுபடி அமுக்கினால் புதிதாகத் தொடங்கட்டும் என்று அவர் செய்த திருத்தம் அது. நல்ல எண்ணத்தில் செய்த திருத்தம். இனி அவருக்கு அர்ச்சனைதான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் நான் வளர்ந்த முறை அப்படி. எங்கள் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனை நடுவே மைக் ஊளையிட்டது. யார் திருகியது என்று கண்டுபிடிக்கக் கமிட்டிக் கூட்டம் போட்டோம். கூட்டத்துக்கு மேல் கூட்டம். இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. ஒருவர் பாடகர் குழுவை விட்டே போய்விட்டார். மைக் இன்றைக்கும் ஊளையிடுகிறது.

இங்கே கொழுந்தியாள், "எழுதினது நீங்க. படிச்சுப் பாத்து செரின்னு சொன்னது இன்னொருத்தர். சோதிச்சது நான். மூணு கை தாண்டி வந்திருக்கு. எப்படித் தாண்டிச்சு? அத மட்டும் பேசுவோம்" என்றாள்.

பேசினார்கள். பால் விடாத கட்டஞ்சாயாவும் ரசவடையும் வந்தன. ஒரு குரல் உயரவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் உள்ளே விடமாட்டார்கள், எழுதியவரே சோதிக்க மாட்டார், ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் பழைய சோதனைகள் அத்தனையையும் திரும்ப ஓட்டுவார்கள். இவ்வளவு கட்டுப்பாடும் ஏதோ பயந்தாங்கொள்ளித்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கெட்டிக்காரர்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் கெட்டிக்காரத்தனத்தை நம்பாமலிருக்க வழி தேடுவதை அன்றுதான் பார்த்தேன். விடையைக் கடைசியில் அந்த இன்னொரு பெண் சொன்னாள். "நம்ம எல்லாருக்கும் பெட்டிக்குள்ள என்ன நடக்குன்னு தெரியும். அதனால நாம எல்லாரும் ஒருக்கா அமுக்கிட்டுப் பொறுமையா இருந்திருக்கோம். தெரியாத ஆள் ஒருத்தர் இன்னைக்குத்தான் வந்திருக்காரு."

தெரியாத ஆளாகிய நான் வடையைக் கீழே வைத்துவிட்டு அடக்கமாகத் தலையாட்டினேன்.

இந்த நேரத்தில் முதலாளி வந்தார். கூடவே படகு உரிமையாளர் ஒருவர். மேடையை எங்கே போடுவது, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று பேச வந்தவர்கள். முதலாளி வாசலிலேயே பலகையைப் பார்த்துவிட்டார். அவர் முகம் தொங்கியதை நான் பார்த்தேன். கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "எத்தன நாள் வேணும்?" என்றார்.

"தெரியல்ல சார். தெரிஞ்சதும் சொல்லுகேன்."

அவர் அங்கேயே நின்று, சென்னையிலிருந்து வரவிருந்த பெரியவரின் அலுவலகத்துக்குப் போன் போட்டார். பொருள் இன்னும் தயாராகவில்லை, விழாவைத் தள்ளி வைக்க வேண்டும் என்றார். எதிர்முனையில் யாரோ காரணமானவர் பெயர் கேட்டிருக்க வேண்டும். "இல்ல சார், யாரு மேலயும் தப்பு இல்ல. நல்ல வேளையா இப்பவே கண்டுபிடிச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மேலிடத்தோடு போனில் பேசும்போது இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியும் என்பதே இருபது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்த எனக்குப் புதுச் செய்தி.

ஆனால் படகுக்காரர் அடங்கவில்லை. அவருக்கு விழா, பிரியாணி எதுவும் பெரிதில்லை. தடைக்காலம் முடிந்ததும் முதல் பயணத்தில் அவர் மகன் போகிறான். அதற்கு முந்தின வருஷம் அவர்கள் படகு எஞ்சின் நின்று, நடுக்கடலில் நாள்கணக்காக நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய், அந்த மகன் உயிரோடு திரும்பியதே பெரும்பாடு. இந்த வருஷம் பெட்டி இருக்கும் என்று மருமகளுக்கு அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் அவனைக் கடலுக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறாள்.

"மோளே, ஒருக்கா அமுக்கினா போவுது இல்லியா? அது போதும். நான் எங்க பயலுவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிடுதேன். ஒண்ணுமே இல்லாததுக்கு இது கொள்ளாம்லா?" என்றார்.

எனக்கும் அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஓட்டைக் குடையானாலும் குடைதானே என்று நினைத்தேன். கொழுந்தியாள் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள். "போன வருஷம் எஞ்சின் நின்ன அன்னைக்கு உங்க மகன் என்ன செஞ்சாரு மாமா?"

"என்னத்தச் செய்ய? ஒயர்லெஸ்ஸில கத்தினானுவ. டார்ச்சு அடிச்சானுவ. லுங்கியெல்லாம் எண்ணெயில முக்கிக் கொளுத்திக் காட்டினானுவ. அத ஒரு வள்ளக்காரன் கண்டான். அப்படித்தான் வந்தானுவ."

"அன்னைக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தா?"

அவர் கூண்டுக்குள் இருந்த பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குத்திய குத்தில் மூடி லேசாகச் சாய்ந்திருந்தது.

"இதப் போட்டுக் குத்திக்கிட்டு இருந்திருப்பானுவ" என்றார் மெதுவாக. "கத்தியிருக்க மாட்டானுவ. கொளுத்தியிருக்க மாட்டானுவ. ஆளு வருமுன்னு உக்காந்திருப்பானுவ."

பிறகு, "சாரே, உங்க பிள்ள சொல்லுகது எனக்கு ஒட்டும் பிடிக்கல்ல. ஆனா செரிதான்" என்றார் முதலாளியிடம். படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார். "சோதிக்கதுக்கு இவரு ஒருத்தர் காணுமா? இவரு தண்ணியில்லாத எடத்துல இருந்தே இந்தப் பாடு படுகாரு. நான் எங்க பயலுவளக் கொண்டு வாறேன்."

சொன்னபடி கொண்டுவந்தார். மகனும் வந்தான். நாலைந்து பேர், வேண்டுமென்றே மீன் வழவழப்பைப் பூசிய கையோடு. ஒருவன் முழங்கையால் அமுக்கினான். ஒருவன் கையுறையோடு அமுக்கினான். ஒருவன், "லே மக்கா, படகு ஆடுகப்ப எவன்லே விரல நீட்டுவான்?" என்று சொல்லி நெற்றியாலேயே முட்டிக் காட்டினான். தாடிக்காரர் அத்தனையையும் எழுதிக்கொண்டார். அந்த வாரம் அவர் சவரம் செய்யாமல் விட்டது தாடியிலேயே தனியாகத் தெரிந்தது.

முதல் பயணத்துக்குப் பெட்டி இல்லாமலே படகுகள் போயின. ஒன்றையொன்று பார்வையில் வைத்துக்கொண்டு இரண்டிரண்டாகப் போங்கள் என்று படகுக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். மருமகளிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் கடல் பக்கம் மேகம் கறுத்தால் சங்கத்து வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் விரல் சும்மா இருந்திருந்தால் இந்நேரம் பெட்டி போயிருக்கும். போயிருந்தால் நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கமும் நானே வாதாடுவேன். கொழுந்தியாளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொன்னாள். ஆனால் பலகையை அவள் திருப்பவில்லை. படகுகள் பத்திரமாகத் திரும்பின என்று போன் வந்தபோதுகூட, "அது கடல் செஞ்ச உபகாரம். எங்க பெட்டி சரியாயிட்டுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல" என்றாளாம்.

எல்லாச் சோதனையும் முடிந்து பலகை 'போகலாம்' என்று திரும்பியபோது ஆவணி தாண்டிவிட்டது. இப்போது முதல் முறை அமுக்கியதுமே பெட்டி உரக்கக் கத்தும். திரையில் பெரிய எழுத்தில் 'கூப்பிட்டாச்சு' என்று வரும். அதற்கு மேல் எத்தனை முறை குத்தினாலும் போகிற செய்தி நிற்காது. மேடை உண்டு, ஆனால் சின்னது. நாடா வெட்டப் படகுக்காரரின் மருமகளைக் கூப்பிட்டார்கள். பிரியாணி மட்டும் குறையவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்த மாடிக்கு மறுபடி போனேன். ஒரு மேஜையில் சின்ன இரும்பு விரல் ஒன்றை மோட்டாரில் பொருத்தி வைத்திருந்தார்கள். அது ஒரு பெட்டியின் பட்டனை டொக் டொக்கென்று அமுக்குகிறது, ஒரு கணம் நிற்கிறது, பொறுக்காமல் மறுபடி டொக் டொக்கென்று அமுக்குகிறது. எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருந்தது. இனிமேல் நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலும், இந்தச் சோதனையில் தேறாமல் எதுவும் வெளியே போகாதாம். அதற்கு 'அத்தான் சோதனை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அந்த விரலு யாரையும் திட்டுமா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ பாதி அத்தான்தான்" என்றாள்.

போன வருஷம் ஒருநாள் படகுக்காரர் என்னைத் தேடிச் சங்கத்துக்கே வந்தார். வலை அறுந்து, படகைத் தள்ளுகிற அடிவிசிறியில் சுற்றிக்கொண்டு, காற்றில் படகு நிலைதடுமாறியிருக்கிறது. மகன் பெட்டியைத் திறந்திருக்கிறான். ஒரு நிமிஷத்தில் கரையில் மணி அடித்திருக்கிறது. பக்கத்திலிருந்த படகு போய்க் கட்டி இழுத்து வந்துவிட்டது. மகன் வீட்டில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சோதிக்க வந்தப்ப அவனே சொன்னான், ஒருக்கா அமுக்கினா போதும்னு நல்லாத் தெரியும்னு. ஆனா அன்னைக்கு என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? பட்டன் ஓரம் உடையுமட்டும் குத்தியிருக்கான். உங்களப் போலவே!"

தெரிந்தவனுக்கும் அந்த நேரத்தில் என் விரல்தான் வந்திருக்கிறது.

இப்போதும் லிஃப்டின் முன்னால் நின்று அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன், திருந்தவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும், நாம் நிதானமாக இருக்கிற நேரத்தை நம்பாமல், பதறித் தவிக்கிற நேரத்தை மனதில் வைத்து, முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மாடியில் 'நில்லு' என்று பலகையைத் திருப்பியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த நினைப்பில் விரல் ஒரு கணமாவது மரியாதையாக நிற்கிறது.